நோயாளி இல்லாமல் வைத்தியப் படிப்பா?

கம்ப்யூட்டர் மாணவர்களுக்குத் தொழில் பழக்கும் ஒரு முறையின் கதை

வைத்தியக் கல்லூரியில் சேர்ந்த பையன் வருஷக் கணக்கில் புத்தகத்தையே புரட்டிக் கொண்டிருந்துவிட்டு, ஒரு நோயாளியின் கையைக் கூடத் தொட்டுப் பார்க்காமல் வாசலில் போர்டு மாட்டிக் கொண்டால், அவனிடம் நாம் வைத்தியத்துக்குப் போவோமா? சட்டம் படித்தவர் கூட, ஒரு சீனியர் வக்கீலுக்குச் சில காலம் கேஸ் கட்டுத் தூக்கிய பிறகுதான் கோர்ட்டில் தைரியமாக வாய் திறக்கிறார். தச்சனுக்கும் கொத்தனுக்கும் கதை இதுவேதான். கற்றுக் கொள்வது ஒன்று. பிறருக்குச் செய்து கொடுத்துப் பழகுவது மற்றொன்று.

கம்ப்யூட்டர் படிப்பில் மட்டும் இந்த இரண்டாவது பாடம் நெடுநாள் வரை சரியாக இடம் பெறவில்லை. ஆசிரியர் ஒரு கணக்குக் கொடுப்பார். கணக்கு தெளிவாக இருக்கும். அதன் விடை அவருடைய மேஜை டிராயரில் தயாராக இருக்கும். மாணவன் தனியாக உட்கார்ந்து புரோகிராம் எழுதுவான். அது ஓடினால் மார்க். மார்க் போட்டு முடிந்ததும் அந்தப் புரோகிராமை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

உத்தியோகத்திலோ எல்லாம் தலைகீழ். வேலை கொடுக்க வருகிறவருக்கே தமக்கு என்ன வேண்டும் என்பது பாதிதான் தெரியும். அவர் பேசுவது ஆஸ்பத்திரிப் பாஷை, அல்லது பாங்கிப் பாஷை, அல்லது ஜவுளிக்கடைப் பாஷை. கம்ப்யூட்டர் பாஷை அல்ல. வேலையும் ஒற்றை ஆள் முடிக்கக் கூடியதாக இராது. தவணை உண்டு, தவணை தவறினால் பதில் சொல்ல வேண்டியதுண்டு. செய்து கொடுத்த பண்டத்தை முகம் தெரியாத எத்தனையோ பேர் வருஷக் கணக்கில் புழங்கப் போகிறார்கள்.

இந்தப் பள்ளத்தைத் தூர்ப்பதற்குச் சில சர்வகலாசாலைகள் ஒரு வழி கண்டன. உண்மையான வாடிக்கைக்காரர் ஒருவரைக் கல்லூரிக்குள்ளேயே அழைத்து வருவது. மாணவர்களை ஐந்து பேர், ஆறு பேர் கொண்ட கோஷ்டிகளாகப் பிரிப்பது. "இவருக்கு வேண்டியது என்ன என்று கேட்டறிந்து, செய்து, கையில் ஒப்படைத்துவிட்டு வாருங்கள்" என்று விடுவது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. நடத்திப் பார்த்தவர்களுக்கு எத்தனை தொல்லைகள், எத்தனை படிப்பினைகள்!

லண்டனில் ஒரு திங்கட்கிழமை

இந்தப் பாடம் அவசியந்தானா என்று கேட்பவர்களுக்கு லண்டன் நகரில் நடந்ததைச் சொன்னால் போதும்.

1992-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி, திங்கட்கிழமை. லண்டன் ஆம்புலன்ஸ் சர்வீஸ் அன்று ஒரு புதிய கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்கு முழுவதுமாக மாறியது. அதுவரை உதவி கேட்டு வரும் டெலிபோன் அழைப்புக்களைக் காகிதத்தில் எழுதி, எந்த வண்டியை அனுப்புவது என்று மனிதர்களே தீர்மானித்து வந்தார்கள். இனிமேல் அந்தத் தீர்மானத்தைக் கம்ப்யூட்டரே செய்யும் என்பது திட்டம்.

கம்ப்யூட்டர் சரியாகத் தீர்மானிக்க வேண்டுமானால் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது அதற்குப் பிழையில்லாமல் தெரிந்தாக வேண்டும். வண்டியில் இருப்பவர்கள் அந்தந்த நேரத்தில் உரிய பொத்தானை அழுத்த வேண்டும். உயிருக்குப் போராடுகிறவரைத் தூக்கிக் கொண்டு ஓடும் அவசரத்தில் பொத்தான்களை வரிசை தவறாமல் அழுத்த யாருக்கு நினைவிருக்கும்? கம்ப்யூட்டருக்குத் தெரிந்த ஊர் ஒன்று, வண்டிகள் உண்மையில் நின்ற ஊர் வேறொன்று என்றாயிற்று. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின. அருகிலிருந்த வண்டியை விட்டுவிட்டுத் தூரத்து வண்டிக்கு உத்தரவு போயிற்று. வண்டி வரவில்லையே என்று தவித்தவர்கள் மறுபடியும் டெலிபோன் செய்தார்கள். அழைப்புக்கள் குவிந்தன. எச்சரிக்கைச் செய்திகள் திரையை அடைத்துக் கொண்டன. மறுநாளே பழைய முறையில் பாதிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. நவம்பர் 4-ந் தேதி அதிகாலையில் கம்ப்யூட்டர் அடியோடு நின்றே போய்விட்டது. சுமார் மூன்று வாரங்களுக்கு முன் யாரோ எழுதி, எடுக்க மறந்து விட்டுவிட்ட ஒரு சிறு துண்டுப் புரோகிராம் யந்திரத்தின் நினைவுப் பகுதியைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தின்று தீர்த்ததே அதற்குக் காரணம்.

விசாரணைக் குழுவின் அறிக்கை 1993-ம் ஆண்டு பிப்ரவரியில் வெளியாயிற்று. அந்த மறந்துபோன துண்டைப் பற்றி அதில் உண்டு. ஆனால் அறிக்கையின் கனமான பகுதி வேறு. முடிக்கவே முடியாத தவணை; பண்டத்தைச் சரிவரச் சோதித்துப் பார்க்காதது; சிப்பந்திகளுக்குப் போதிய பயிற்சி தராதது; நித்தம் அதைப் புழங்க வேண்டிய ஆம்புலன்ஸ்காரர்களை முன்கூட்டியே மனம் கலந்து கேட்காதது — இவைதாம் அங்கே வரிசையாக நின்றன. இவற்றில் எதையும் கணக்குப் புத்தகத்தைக் கொண்டு கற்பிக்க முடியாது என்பதைக் கவனியுங்கள்.

ஆறு பேருக்குப் பதினைந்து பேச்சு

இப்படிப்பட்ட தொல்லை 1992-ல் திடீரென்று முளைத்ததல்ல. 1968-ம் ஆண்டு அக்டோபரில், மேற்கு ஜெர்மனியில் கார்மிஷ் என்னும் மலை நகரத்தில் பதினோரு நாடுகளிலிருந்து சுமார் ஐம்பது நிபுணர்கள் கூடினார்கள். பெரிய புரோகிராம்கள் ஏன் தவணையில் முடிவதில்லை, ஏன் செலவு எல்லை மீறுகிறது, முடிந்த பிறகும் ஏன் பிழை மலிந்திருக்கிறது என்று அங்கே விவாதித்தார்கள். பாலம் கட்டுவதைப் போல், அணை கட்டுவதைப் போல் இதையும் ஓர் என்ஜினீயரிங் தொழிலாகப் பழக வேண்டும் என்ற எண்ணம் அந்த மகாநாட்டினால்தான் உலகெங்கும் பரவிற்று.

ஐ.பி.எம். கம்பெனியில் மிகப் பெரிய புரோகிராம் வேலை ஒன்றுக்குத் தலைமை வகித்த பிரெடரிக் புரூக்ஸ் என்ற அமெரிக்கர் 1975-ல் ஒரு புத்தகம் எழுதினார். தவணை தவறிப்போன புரோகிராம் வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அதில் அவர் சொன்ன விஷயம். கேட்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். நெல் அறுவடைக்குப் பத்து ஆள் போதவில்லை என்றால் இருபது ஆளை இறக்கலாம். வேலை பாதி நேரத்தில் முடியும். புரோகிராம் வேலை அப்படி அல்ல. ஒருவர் எழுதியது மற்றவர் எழுதியதோடு இசைய வேண்டும். அதற்கு ஒவ்வொருவரும் மற்றவர்களோடு பேசியாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று பேர் இருந்தால் பேச வேண்டிய ஜோடிகள் 3. ஆறு பேர் ஆனால் 15. பத்துப் பேருக்கு 45. ஐம்பது பேர் சேர்ந்தால் 1,225! ஆட்கள் இரட்டித்தால் பேச்சு நாலு மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது. புதிதாக வருகிறவருக்கு விஷயத்தைச் சொல்லித் தரப் பழைய ஆட்களின் நேரமும் போகிறது. ஆகவே, பேசுவது என்பதே இத்தொழிலில் பாதி வேலை. தனியாக உட்கார்ந்து பரீட்சை எழுதிப் பழகிய பிள்ளைக்கு அந்தப் பாதி வேலை தெரியாமலே பட்டம் கிடைத்துக் கொண்டிருந்தது.

"கிளினிக்" என்று பெயர் வைத்தார்கள்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் கிளேர்மாண்ட் என்ற ஊரில் ஹார்வி மட் என்று ஒரு சிறிய கல்லூரி இருக்கிறது. அங்கே 1963-ல் ஜாக் ஆல்போர்டு, மாக் கில்கெசன் என்ற இரு பேராசிரியர்கள் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். வைத்திய மாணவர்கள் ஆஸ்பத்திரியில் பழகுவது போல என்ஜினீயரிங் மாணவர்களும் உண்மையான தொழிற் பிரச்னைகளில் பழக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதனால் அதற்குக் "கிளினிக்" என்றே பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் கம்ப்யூட்டர் மாணவர்களுக்கும் அது விரிந்தது.

வெளிக் கம்பெனி ஒன்று தனக்குள்ள பிரச்னையைக் கொண்டு வரும். அதற்குக் கட்டணமும் செலுத்தும். கடைசி வருஷ மாணவர்கள் நாலைந்து பேர் அதை எடுத்துக் கொண்டு ஒரு கல்வி ஆண்டு முழுவதும் உழைப்பார்கள். அவர்களில் ஒருவரே கோஷ்டித் தலைவர். ஆலோசனை சொல்ல ஒரு பேராசிரியர். கம்பெனியின் சார்பில் தொடர்பு கொள்ள ஓர் அதிகாரி. ஆண்டு முடிவில் எல்லாக் கோஷ்டிகளும் தாங்கள் செய்ததைச் சபையில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இங்கே பேராசிரியரின் வேஷம் மாறிப் போகிறது. வகுப்பில் அவர் விடை தெரிந்தவர். கிளினிக்கில் அவருக்கும் விடை தெரியாது. மாணவன் தவறான வழியில் போகிறான் என்று தெரிந்தாலும் அவர் உடனே தடுத்துவிடக் கூடாது. அவனாக உணர்ந்து திரும்பக் கூடிய தூரம் வரை விட்டுப் பிடிக்க வேண்டும். வாடிக்கைக்காரருக்குச் சேதம் வருமானால் மட்டும் குறுக்கிட வேண்டும். வகுப்பெடுப்பதைவிட இது கடினமான வேலை.

நூலகம் கொடுத்த நாலு வரி

இம்முறையின் இன்ப துன்பங்களை நன்றாக அறிய விரும்புகிறவர்கள் லாஸ் ஏஞ்சலீஸ் நகரிலுள்ள தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்கே பாரி போயம் என்ற பேராசிரியர் இருந்தார். பெரிய பெரிய புரோகிராம் திட்டங்களைத் தொழில் துறையிலும் அரசாங்கத்திலும் கண்டு பழகி, பிறகு பாடம் சொல்ல வந்தவர் அவர். மேல் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர்களுக்கு 1996-ம் ஆண்டில் அவர் வாடிக்கைக்காரராகப் பிடித்துக் கொடுத்தது வேறு யாரையுமல்ல. சர்வகலாசாலையின் சொந்த நூலகத்தையே!

நூலகத்தாருக்குப் பல ஆசைகள் இருந்தன. படங்கள், ஏடுகள், அறிக்கைகள் முதலியவற்றைக் கம்ப்யூட்டர் மூலம் வாசகர்களுக்குக் காட்ட வேண்டும். ஒவ்வொருவரும் தம் ஆசையைச் சில வரிகளில் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவருடைய விருப்பம் ஐரோப்பாவின் மத்திய காலத்துக் கையெழுத்துப் பிரதிகளைப் பற்றியது. அவற்றைப் படமெடுத்து வைக்க வேண்டும். ஆராய்ச்சி செய்கிறவர் அதிலுள்ள விஷயத்தைப் படிக்க முடிய வேண்டும். அதோடு எழுதியவனின் கையெழுத்து அமைப்பையும் ஓரத்துக் குறிகளையும் கூட ஆராய முடிய வேண்டும். அந்தப் படங்களைத் தூரத்திலுள்ளவர்களுக்கு அனுப்பவும் முடிய வேண்டும். அவ்வளவுதான் குறிப்பு.

பதினைந்து கோஷ்டிகள் இப்படிப்பட்ட குறிப்புக்களை வைத்துக் கொண்டு வேலை தொடங்கின. நாலு வரியை எத்தனை தடவை படித்தால்தான் என்ன? படம் எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும்? யார் யார் பார்க்கலாம்? ஏடுகள் மொத்தம் எத்தனை? யார் உட்கார்ந்து படமெடுப்பது? கேட்டால்தான் தெரியும். கேட்பதற்கு முதலில் நூலகத்தாரின் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் மாணவன் கேள்வி கேட்கக் கற்றுக் கொண்டது அங்கேதான்.

இன்னொரு சங்கடமும் வந்தது. கம்ப்யூட்டருக்கு எது எளிது, எது கடினம் என்பது வெளியாருக்குத் தெரிவதில்லை. பட்டியலிலிருந்து பெயரைத் தேடுவது எளிது. மனிதனிடம் பேசுவது போலச் சாதாரண வாக்கியத்தில் கேள்வி கேட்டால் பதில் தர வேண்டும் என்பது அந்நாளில் மலையைப் புரட்டுகிற வேலை. இரண்டும் ஒன்றுபோல்தான் நூலகத்தாருக்குத் தோன்றின. எதையும் மறுக்கத் தெரியாத மாணவர்கள் "ஆகட்டும்" என்று தலையாட்டினால் என்ன ஆகும்? பின்னால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு. இதைக் கண்ட போயமும் அவருடைய சகாக்களும், எவையெவை வேலையை எளிதாக்கும், எவையெவை சிக்கலாக்கும் என்று ஒரு ஜாபிதா தயாரித்து, தொடக்கத்திலேயே மாணவர்களும் நூலகத்தாரும் சேர்ந்து பார்க்கும்படி செய்தார்கள்.

அவர் வற்புறுத்திய மற்றொன்று: சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரும், "எனக்கு எது கிடைத்தால் இந்த வேலை வெற்றி?" என்பதை வெளிப்படையாக எழுதி வைக்க வேண்டும். நூலகத்தாருக்கு ஒன்று, வாசகருக்கு ஒன்று, மாணவருக்கு ஒன்று, பிற்காலத்தில் பராமரிக்கப் போகிறவருக்கு ஒன்று இருக்கும். ஒன்றுக்கொன்று முட்டும் இடங்களை மேஜை மேல் வைத்துப் பேசித் தீர்த்த பிறகே வேலை. பிறகு முழு வேலையிலும் இறங்காமல், திரையில் எப்படித் தோன்றும் என்று ஒரு மாதிரி மட்டும் செய்து காட்டினார்கள். சொன்னபோது புரியாதது, கண்ணால் கண்டவுடன் புரிந்தது. "இதுவல்ல நான் கேட்டது" என்று ஒருவர் இந்தக் கட்டத்தில் சொன்னால் நஷ்டம் ஒரு வாரம். கடைசியில் சொன்னால் ஒரு வருஷம்.

முதல் ஆண்டு முடிவில் விளைவு என்ன? பாடம் என்ற முறையில் வெற்றி. ஆனால் செய்து முடித்தவற்றில் பெரும்பாலானவை நூலகத்தில் நிலைத்து வழக்கத்துக்கு வரவில்லை. பண்டம் மோசம் என்பதல்ல. அதை ஏற்று வைத்துக் கொண்டு நடத்துவதற்கு நூலகத்தில் ஆளும் பணமும் ஒதுக்கப்படவில்லை. பிறந்த குழந்தையை யார் வளர்ப்பது என்று முன்பே பேசாமல் விட்ட கதை. அடுத்த ஆண்டிலிருந்து இந்தக் கேள்வியையும் தொடக்கத்திலேயே கேட்டார்கள்; பலனும் நன்றாயிற்று.

வாடிக்கைக்காரரே நீதிபதி

இங்கிலாந்தில் ஷெப்பீல்டு நகரம் கத்திக்கும் எஃகுக்கும் பேர் போனது. அங்குள்ள சர்வகலாசாலையில் மைக் ஹோல்கம் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் வேறொரு வகையில் இதை நடத்தினார்கள். இரண்டாம் வருஷ மாணவர்களுக்கே இந்தச் சோதனை. அக்கம்பக்கத்து வியாபாரிகளும் ஸ்தாபனங்களும்தாம் வாடிக்கைக்காரர்கள். விசேஷம் என்னவென்றால், ஒரே வாடிக்கைக்காரருக்குப் பல கோஷ்டிகள் போட்டியாக வேலை செய்யும். முடிவில் அவர் எல்லாவற்றையும் பார்த்துத் தமக்கு எது உகந்ததோ அதைத் தேர்ந்தெடுப்பார். மதிப்பிடுவதில் அவருடைய அபிப்பிராயத்துக்கும் இடம் உண்டு.

ஆசிரியருக்கு அழகான புரோகிராம் பிடிக்கும். கடைக்காரருக்கு அதன் உள் அழகு எதற்கு? திங்கட்கிழமை காலையில் கடை திறந்ததும் தடங்கலின்றி ஓட வேண்டும். குமாஸ்தாவுக்கு அரை நாளில் பழக்கமாக வேண்டும். கெட்டிக்கார மாணவர்கள் சிலர் இந்த நீதிபதி முன் தோற்றுத் திகைத்துப் போவது உண்டு. அந்தத் திகைப்பே ஒரு பாடம்.

1997-ல் அங்கே ஒரு படி மேலே போனார்கள். மேல் வகுப்பு மாணவர்களே நடத்தும் ஒரு சாப்ட்வேர் கம்பெனியைக் கல்வித் திட்டத்தின் பகுதியாக ஆரம்பித்தார்கள். அதற்கு "ஜெனிஸிஸ்" என்று பெயர். ஒவ்வோர் ஆண்டும் பழைய மாணவர்கள் பட்டம் பெற்றுப் போக, புதியவர்கள் பொறுப்பேற்றார்கள். முன்பின் பார்த்திராத ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போன புரோகிராமைப் படித்துப் புரிந்து திருத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போது தெரியும். தெரிந்தவன், தான் எழுதும்போது அடுத்தவனை நினைத்துக் கொண்டு எழுதுவான்.

வீடற்றவர்களின் ரகசியம்

கம்பெனிகள் மட்டுந்தானா வாடிக்கைக்காரர்கள்? அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்துப் பர்டியூ சர்வகலாசாலையில் 1995-ல் எட்வர்டு காயில், லியா ஜேமிசன் என்ற பேராசிரியர்கள் தர்ம ஸ்தாபனங்களை வாடிக்கைக்காரர்களாகக் கொண்டு ஒரு திட்டம் தொடங்கினார்கள். முதலில் 40 மாணவர்கள், 5 கோஷ்டிகள். பிறகு ஆல் போல் தழைத்தது.

ஆரம்ப காலத்து வேலைகளில் ஒன்று நெஞ்சைத் தொடுவது. அந்த வட்டாரத்தில் வீடற்றவர்களுக்கு உதவும் ஸ்தாபனங்கள் பல உண்டு. ஒன்று சோறு போடும். ஒன்று படுக்க இடம் தரும். ஒன்று வேறு உதவி செய்யும். யாருக்கு யார் என்ன உதவி செய்தார்கள் என்பது ஒருவருக்கொருவர் தெரியாது. எல்லோருக்கும் பொதுவான ஒரு கம்ப்யூட்டர்ப் பதிவேடு வேண்டும் என்று மாணவர்களை நாடினார்கள்.

பதிவேடு செய்வது எளிது. ஆனால் உதவி கேட்டு வந்தவர்களின் அந்தரங்கம் என்ன ஆவது? கணவனின் அடிக்குத் தப்பி வந்து ஓர் இல்லத்தில் ஒளிந்திருக்கும் பெண்ணின் இருப்பிடம், பொதுப் பதிவேட்டின் மூலம் வெளியே தெரிந்து போனால்? அந்தரங்கம் கெடாமல், அதே சமயம் உதவியும் ஒழுங்குபடும்படி செய்ய வேண்டும் என்பதே அந்த வேலையின் உயிர்நாடி. "ஒழுக்கமும் தொழிலும்" என்ற தலைப்பில் பத்து விரிவுரைகள் கேட்டாலும் ஏறாத விஷயம், இப்படி ஒரு பிரச்னை எதிரே வந்து உட்கார்ந்தால் இருபது வயதுப் பிள்ளைக்குச் சட்டென்று ஏறிவிடும்.

நூலகத்தில் எழுந்த கேள்விக்கும் பர்டியூவில் ஒரு விடை வைத்திருந்தார்கள். கடைசி வருஷத்தார் மட்டுமல்லாமல் முதல் வருஷ மாணவர்களும் கோஷ்டியில் சேரலாம். பல பருவங்கள் தொடர்ந்து இருக்கலாம். பெரியவர்கள் பட்டம் பெற்றுப் போனாலும் சின்னவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும். ஸ்தாபனத்தாருக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆதியிலிருந்து கதை சொல்ல வேண்டியதில்லை.

யாருக்கு எவ்வளவு மார்க்?

இனி, மாணவர்களின் வயிற்றெரிச்சலுக்கு வருவோம். ஆறு பேரில் இரண்டு பேர் இரவெல்லாம் கண் விழித்திருப்பார்கள். மூன்று பேர் சொன்னதைச் செய்வார்கள். ஒருவர் போட்டோ எடுக்கும் அன்று மட்டும் வருவார். ஆறு பேருக்கும் ஒரே மார்க் போட்டால் அது நியாயமா?

இதற்குப் பல வழிகளைச் சேர்த்துக் கையாளுகிறார்கள். செய்த பண்டத்துக்கு ஒரு பங்கு. எழுதிய குறிப்புக்களுக்கும் திட்டத்துக்கும் ஒரு பங்கு. வாடிக்கைக்காரர் அபிப்பிராயத்துக்கு ஒரு பங்கு. கோஷ்டியிலுள்ளவர்கள் ஒருவரையொருவர் ரகசியமாக மதிப்பிடுவதற்கு ஒரு பங்கு. புரோகிராமில் யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார் என்பதைத் தானே பதிந்து வைக்கும் சாதனங்களும் இப்போது உண்டு. "நான்தான் எல்லாம் செய்தேன்" என்று பொய் சொல்ல முடியாது.

ஆனால் ஆசிரியர்கள் இதிலும் உஷாராக இருக்க வேண்டும். வரிகளை எண்ணி மார்க் போட்டால், வாடிக்கைக்காரரிடம் நாலு முறை போய்ப் பேசி வந்தவருக்கும், பிறர் எழுதியதில் பிழை கண்டுபிடித்தவருக்கும், சண்டை மூளாமல் கோஷ்டியைக் கட்டிக் காத்தவருக்கும் ஒன்றும் மிஞ்சாது. கொஞ்சம் மிரட்டலாகப் பேசுகிற பையன் மதிப்பீட்டைத் தன் பக்கம் வளைத்துக் கொள்வதும் உண்டு. கூட்டம் முடிந்தவுடன் பெண்ணிடம் மட்டும் "குறிப்பு எழுதிவிடம்மா" என்று தள்ளிவிடுகிற வழக்கமும் பல இடங்களில் தலை காட்டுவதுதான். வாரந்தோறும் கோஷ்டியைச் சந்தித்துப் பேசுகிற ஆசிரியர் ஒருவருக்குத்தான் உண்மை விளங்கும். அப்படிச் சந்திக்க நேரம் வேண்டும். ஆகவே ஓர் ஆசிரியருக்கு இருநூறு மாணவரைக் கட்டிக் கொடுத்துவிட்டு இந்த முறையை நடத்த முடியாது.

மற்றோர் ஆட்சேபமும் உண்டு. படிக்க வந்த பிள்ளைகளைச் சம்பளமில்லா ஆட்களாக்கிக் கம்பெனிகளுக்கு வேலை வாங்கித் தருவதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான், செய்த பண்டம் யாருக்குச் சொந்தம், வாடிக்கைக்காரர் மாணவர்களுக்கு வாரம் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் முதலிலேயே எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள். அடுத்த வாரத்துக்குள் முடிந்தாக வேண்டிய அவசர வேலையைக் கல்லூரிக்குக் கொண்டு வரக் கூடாது. வேலை முற்றிலும் தோற்றுப் போனாலும் வாடிக்கைக்காரர் கடை மூடிவிடக் கூடாது. மாணவனும் பெயிலாகிவிடக் கூடாது. தோல்வியை ஒளிக்காமல், காரணத்தோடு எழுதித் தந்த கோஷ்டிக்கு நல்ல மார்க் கொடுக்கிற துணிவும் ஆசிரியருக்கு வேண்டும்.

கற்பது என்ன?

கம்ப்யூட்டர் விஞ்ஞானிகளின் இரு பெரிய அமெரிக்கச் சங்கங்கள் சேர்ந்து 2004-ம் ஆண்டில் இத்துறைக்கு ஒரு பாடத்திட்டம் வெளியிட்டன. முடிவான திட்ட வேலை ஒரு கல்வி ஆண்டு முழுவதும் நடக்க வேண்டும். கூடிய வரை கோஷ்டியாகச் செய்ய வேண்டும். மேற்பார்வை ஆசிரியரைத் தவிர வேறு ஒரு வாடிக்கைக்காரர் இருக்க வேண்டும் என்று அதில் சிபாரிசு செய்தார்கள். நாம் மேலே கண்ட ஊர்களின் அனுபவமெல்லாம் இந்தச் சில வரிகளில் அடக்கம்.

இவ்வளவு பாடுபட்டு மாணவன் கற்பது என்ன? கேள்வி கேட்கக் கற்கிறான். மரியாதையாக "முடியாது" என்று சொல்லி, "ஆனால் இது முடியும்" என்று சேர்த்துச் சொல்லக் கற்கிறான். கூட்டத்தில் பேசியதை அன்றே எழுதி அனைவருக்கும் அனுப்பக் கற்கிறான். "தொண்ணூறு சதவிகிதம் முடிந்துவிட்டது" என்று வாரா வாரம் சொல்லிக் கொண்டே போவதை நிறுத்தி, தாமதம் என்று தெரிந்த அன்றே வாடிக்கைக்காரரிடம் சொல்லக் கற்கிறான். இந்தக் கடைசி ஒன்றுக்குத்தான் மிகுந்த தைரியம் வேண்டும். இது வந்துவிட்டால் அவனை எந்த ஆபீசிலும் நம்பி வேலை கொடுக்கலாம்.

புரோகிராம் எழுதும் வேலையில் ஒரு பகுதியை இப்போது யந்திரங்களே செய்யத் தொடங்கிவிட்டன. கேட்டவுடன் நூறு வரி எழுதித் தருகின்றன. ஆனால் எதைக் கேட்பது என்று தெரிய வேண்டுமே! நூலகத்தார் மனசில் இருப்பதையும், ஆம்புலன்ஸ்காரர் அவசரத்தையும், ஒளிந்திருக்கும் பெண்ணின் பயத்தையும் போய்க் கேட்டறிந்து வருகிற ஆள் முன்னைவிட இப்போதுதான் அதிகம் தேவை.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ கம்ப்யூட்டர் படிப்பில் சேருவதாயிருந்தால், கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்ப்பதோடு நிற்காமல் கல்லூரியில் மூன்று கேள்விகள் கேளுங்கள். கடைசி வருஷத் திட்ட வேலைக்கு வாடிக்கைக்காரர் யார்? போன வருஷம் மாணவர்கள் செய்து கொடுத்ததை யாராவது இன்று உபயோகிக்கிறார்களா? வேலை நடக்கும்போது ஆசிரியர் வாரம் ஒரு முறையாவது கோஷ்டியைச் சந்திக்கிறாரா? மூன்றுக்கும் நேரான பதில் சொல்லுகிற கல்லூரி, உங்கள் பிள்ளைக்குப் பட்டத்தோடு தொழிலையும் சேர்த்துக் கொடுக்கிற கல்லூரி என்று நம்பலாம்.